கேக் மேல ஊத்தின சுகர் கிளேஸ் ஏன் காணாம போகுது?

நீங்க கேட்டது இதுதான். லெமன் லோஃப் கேக் சுட்டிருக்கீங்க, வீட்லயே மிக்ஸில பொடிச்ச சீனி ஒரு கப், பால் ரெண்டு டேபிள்ஸ்பூன், அரை எலுமிச்சம்பழச் சாறு எல்லாம் கலந்து கிளேஸா, அதாவது மேல வெள்ளையா காஞ்சு நிக்கிற சீனிப் பூச்சா, ஊத்தியிருக்கீங்க. ஊத்தும்போது வெள்ளையா இருந்துச்சு, அரை மணி நேரத்துல வெள்ளையே இல்லாம போய் பாதி கேக்குக்குள்ள இறங்கிடுச்சு, மறுநாள் டப்பாவைத் திறந்தா கையில பிசுபிசுன்னு ஒட்டுது, சாப்பிட்டா பல்லுல நறநறங்குது. சரியான அளவு என்ன, கடையில மாவு மாதிரி நைஸா பொடிச்சு விக்கிற ஐசிங் சுகர் வாங்கியே ஆகணுமான்னு கேட்டிருக்கீங்க, ஊர் தூத்துக்குடின்னும் சொல்லியிருக்கீங்க, அது இந்த விஷயத்துல முக்கியம், பின்னாடி வரேன். அளவு சொல்றேன், ஆனா நீங்க சொன்னதைப் படிச்சா உங்க உண்மையான கேள்வி வெள்ளையா நிக்க வேண்டியது ஏன் நிக்கலைங்கிறதுதான்னு தோணுது. அதுக்குக் காரணம் புரியாம அளவை மட்டும் சொன்னா அடுத்த தடவை வேற பழம், வேற கப், மழை நாள்னு ஏதாவது ஒண்ணு மாறி திரும்ப இதே நிலைமைக்கு வந்துடுவீங்க. நான் கேட்டரிங்ல பேக்கரி படிச்சு, ரொம்ப வருஷம் பேக்கரி கிச்சன்ல வேலை பார்த்துட்டு இப்ப வீட்ல இருந்தே ஆர்டர் எடுத்துப் பண்றேன், அந்த அனுபவத்துல இருந்து சொல்றேன்.

முதல்ல ஒரு அடிப்படை விஷயம். சீனித் தண்ணின்னா சீனி முழுசா கரைஞ்சிருக்கும், பாக்க நிறமே இருக்காது. வெள்ளை கிளேஸ்ல சீனி முழுசா கரையவே கூடாது. கொஞ்சூண்டு தண்ணில கொஞ்சம் சீனி கரைஞ்சு கெட்டிப் பாகா இருக்கும், மீதி சீனி கரையாம ரொம்ப நுணுக்கமான துகளா அந்தப் பாகுக்குள்ள நிக்கும். அந்தத் துகள்கள் மேல வெளிச்சம் பட்டுச் சிதறுறதாலதான் நம்ம கண்ணுக்கு வெள்ளையா தெரியுது. துகள் எல்லாம் கரைஞ்சுட்டா வெள்ளையும் போயிடும், காஞ்சு கெட்டியாகுற தன்மையும் போயிடும். அதனால கிளேஸ்ல எது கெட்டாலும் முதல்ல கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான், தண்ணி எங்கிருந்து கூடுதலா வந்துச்சு?

இப்ப உங்க கணக்கைப் பாப்போம். நம்ம ஊர் சூட்டுல தண்ணி தன் எடையைப் போல ரெண்டு மடங்குக்கும் கொஞ்சம் மேலயே சீனியைக் கரைக்கும். ஒரு கப் பொடிச்ச சீனி சுமாரா 120 கிராம்னு வச்சுக்கோங்க. பால் 30 மில்லி, எலுமிச்சைச் சாறு ஒரு டேபிள்ஸ்பூன்னு எடுத்தா 15 மில்லி, மொத்தம் 45 மில்லி, ரெண்டுலயும் பெரும்பகுதி தண்ணிதான். அந்த 45 மில்லி கிட்டத்தட்ட 90 கிராம் சீனியைக் கரைச்சிடும், மீதி இருக்கிறது 30 கிராம் சொச்சம். கலந்த உடனே வெள்ளையா தெரிஞ்சதுக்குக் காரணம் சீனி கரைய நேரம் எடுக்குது, அவ்வளவுதான். அரை மணி நேரத்துல கரைஞ்சு முடிஞ்சதும் அது கிளேஸ் இல்ல, வெறும் சிரப். சிரப்பை கேக் உறிஞ்சத்தான் செய்யும். இதே 120 கிராமுக்கு 15 மில்லி மட்டும் விட்டிருந்தா கரையுறது 30 கிராம் சொச்சம், 85 கிராமுக்கு மேல துகளா நிக்கும். நிக்கிறதுக்கும் ஓடுறதுக்கும் நடுவுல இருக்கிறது ரெண்டு ஸ்பூன் தண்ணிதான்னு இதுல தெரியும்.

அடுத்தது உங்க ரெசிபி மேலயே எனக்கு ஒரு சந்தேகம், இது ஊகம்தான், நீங்க பார்த்த வீடியோவை நான் பார்க்கல. எலுமிச்சை கேக்குக்கு ரெண்டு வேற வேற முறை இருக்கு. இங்கிலாந்துல லெமன் டிரிஸில் கேக்னு பண்ணுவாங்க, அதுல அடுப்புல இருந்து எடுத்த சூட்டோட கேக்கைக் குச்சியால அங்கங்க குத்திட்டு சாதாரண சீனியும் எலுமிச்சைச் சாறும் கலந்து மேல ஊத்துவாங்க. சாறு உள்ள இறங்கிடும், கரையாத சீனி மேல மொறுமொறுன்னு ஒரு ஏடா காஞ்சு நிக்கும், அது வேணும்னே பண்றது. இன்னொண்ணு ஐசிங் சுகர் கிளேஸ், அது முழுசா ஆறின கேக் மேல கெட்டியா ஊத்துறது. சூட்டுக்கு ஊத்துற முறையை ஐசிங் சுகருக்கும் ஆறினதுக்கு ஊத்துற முறையை சாதாரண சீனிக்கும் மாத்தி மாத்திச் சொல்ற குறிப்புகள் நிறைய சுத்துது, நிறைய பேர் இங்கதான் ஏமாந்து போறாங்க. உங்களுக்கு எது வேணும்னு முதல்ல முடிவு பண்ணிக்கோங்க.

வெள்ளைதான் வேணும்னா அளவு இது. ஐசிங் சுகர் 120 கிராம், சலிச்சது, இதைத் தவிர்க்கவே முடியாது, கட்டி இருந்தா எவ்வளவு கிண்டினாலும் போகாது. எலுமிச்சைச் சாறு ஒரு டேபிள்ஸ்பூன், அதாவது 15 மில்லி, வடிகட்டினது. உப்பு ஒரு சிட்டிகை, தித்திப்பு திகட்டாம இருக்கும். சாறுல பாதியை முதல்ல விட்டு ஸ்பூனால அழுத்தி அழுத்தி கலக்கணும், இது சேரவே சேராதுன்னு தோணும், பயந்து போய் மொத்தத்தையும் ஊத்திடாதீங்க, கிண்டக் கிண்ட இளகும். மீதியை அரை டீஸ்பூன் அரை டீஸ்பூனா விடுங்க. 15 மில்லியும் போன பிறகு ரொம்ப கெட்டியா இருந்தா இன்னும் அரை டீஸ்பூன், அதுக்கு மேல சொட்டு சொட்டாத்தான். பதம் எப்படிப் பாக்குறதுன்னா, இட்லி மாவை விட ஒரு படி கெட்டியா இருக்கணும். ஸ்பூனைத் தூக்கினா பட்டையா இறங்கணும், இறங்கின தடம் மேல ஒரு பத்து செகண்ட் தெரிஞ்சு அப்புறம் மறையணும். உடனே மறைஞ்சா தண்ணி அதிகம், இன்னும் ரெண்டு ஸ்பூன் ஐசிங் சுகர் போடுங்க. மறையவே இல்லைன்னா ஊத்த முடியாது, பூசத்தான் வேணும். விஸ்க் வச்சு அடிக்காதீங்க, காத்து ஏறி மேல குட்டிக் குட்டி ஓட்டை விழும். கலந்ததும் உடனே ஊத்தலைன்னா ஈரத்துணி போட்டு மூடுங்க, இல்லைன்னா மேல ஏடு கட்டிடும், அதை உள்ள கலக்கினா திப்பித் திப்பியா நிக்கும். பழம் அளவை நம்பாதீங்க, ஒரு பழம் ஒரு ஸ்பூன் விடும், இன்னொண்ணு மூணு ஸ்பூன் விடும், ஸ்பூன்லயே அளங்க. வீட்ல குட்டி டிஜிட்டல் தராசு இருந்தா இன்னும் நல்லது.

பாலும் எலுமிச்சையும் சேத்து விட்டிருக்கீங்க, அது தேவையே இல்ல. புளிப்பு பட்டா பால் திரியும், சீனி இவ்வளவு இருக்கிறதால பெருசா தெரியாது, ஆனா சில சமயம் லேசா பொரிப்பொரியா வரும். லெமன் கேக்குக்கு சாறு மட்டும் போதும், வாசனை வேணும்னா பழத்தோட மஞ்சள் தோலை மட்டும் லேசா துருவிப் போடுங்க, அடியில இருக்கிற வெள்ளைப் பகுதி கசக்கும். வெனிலா கேக், வாழைப்பழ கேக் மேல ஊத்துறப்போ பால் நல்லா இருக்கும், நிறமும் இன்னும் கொஞ்சம் அடர்த்தியா வரும், ஆனா சாறோ தண்ணியோ விட்டது காயுற அளவுக்குக் கெட்டியா காயாது. வெட்டும்போது கிளேஸ் உடைஞ்சு செதில் செதிலா விழுதுன்னா 15 கிராம் வெண்ணெய் உருக்கிச் சேருங்க, கத்தி சுத்தமா இறங்கும். கடையில வாங்குற வெண்ணெய் பெரும்பாலும் உப்பு போட்டது, அப்போ தனியா உப்பு வேண்டாம். மே மாசத்துல வெண்ணெய் போட்ட கிளேஸ் இறுகாது, இளகித்தான் இருக்கும், அதை எதிர்பார்த்துப் பண்ணுங்க.

ஒருத்தர் கீழ பதில்ல, எலுமிச்சை விட்டா சீனி உறையாது, அதனாலதான் உங்க கிளேஸ் காயலன்னு எழுதியிருந்தார். அவர் சொல்றது பாதுஷா பாகுக்குச் சரி. பாதுஷாக்கு ஒரு கம்பிப் பதத்துல பாகு காய்ச்சும்போது சில சொட்டு எலுமிச்சைச் சாறு விடுவோம், கொதிக்கிற சூட்டுல புளிப்பு சேர்ந்து சீனியில கொஞ்சத்தை குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ்னு ரெண்டா உடைச்சிடும், அது நடுவுல இருக்கிறதால பாகு பாத்திரத்துலயே பூத்துப் போகாது. ஆனா அதுக்கு சூடு வேணும். பச்சையா கிண்ணத்துல கலக்குற கிளேஸ்ல அந்த மாற்றம் சொல்லிக்கிற அளவுக்கு நடக்காது. எலுமிச்சை கிளேஸ் நல்லாவே காயும். சாறு உங்களுக்குக் கெடுதல் பண்ணினது புளிப்பால இல்ல, அதுல இருந்த தண்ணியால.

இனி வீட்ல பொடிக்கிற விஷயம். வாங்கியே ஆகணுமான்னா, வெள்ளையா பளிச்சுன்னு வேணும்னா வாங்குங்க. மிக்ஸில எவ்வளவு அரைச்சாலும் துகள் எல்லாம் ஒரே அளவா வராது, நைஸ் பொடியும் இருக்கும், நடுவுல குருணையும் இருக்கும். நைஸ் துகள் சீக்கிரம் கரைஞ்சிடும், குருணை கரையாம அப்படியே நிக்கும். உங்களுக்கு ஒரே நேரத்துல வெள்ளையும் போயி பல்லுலயும் நறநறன்னதுக்கு இதுதான் காரணம். கடை ஐசிங் சுகர்ல சுமாரா 3 சதவீதம் கார்ன்ஃப்ளோர் சேத்திருப்பாங்க, கட்டி விழாம இருக்க. வீட்ல பொடிக்கணும்னா 100 கிராம் சீனிக்கு ஒரு டீஸ்பூன் கார்ன்ஃப்ளோர், அதுக்கு மேல போட்டா பச்சை மாவு வாசம் அடிக்கும். ஈரமே இல்லாத சின்ன ஜார், கொஞ்சம் கொஞ்சமா, விட்டு விட்டு அரைங்க, ஒரே மூச்சா ஓட்டினா ஜார் சூடாகி சீனி அடியில கட்டி பிடிக்கும். நிறுத்தின உடனே மூடியைத் திறக்காதீங்க, பொடி அடங்கட்டும். மைதா சலிக்கிற சல்லடை போதாது, அதுல குருணையும் இறங்கிடும். டீ வடிகட்டியோ மெல்லிசான வெள்ளைத் துணியோ பயன்படுத்துங்க, கஷாயப் பொடியெல்லாம் வீட்டுப் பெரியவங்க துணியில சலிப்பாங்களே, அதேதான். விரல்ல தேய்ச்சுப் பாருங்க, கொஞ்சம் நாக்குல வச்சும் பாருங்க, குருணை தட்டினா திரும்ப அரைங்க.

இவ்வளவும் பண்ண நேரம் இல்ல, வீட்ல இருக்கிறது சாதாரண சீனிதான்னா, வெள்ளைக்கு ஆசைப்படாம பளபளப்புக்குப் போங்கன்னுதான் நான் சொல்வேன். 100 கிராம் சீனி, 50 மில்லி தண்ணி, கரைஞ்சு ரெண்டு நிமிஷம் கொதிச்சதும் இறக்கி ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டு, சூடான கேக் மேல பிரஷ்ஷால ரெண்டு மூணு தடவை தடவுங்க. உள்ள இறங்கி கேக் ரெண்டு நாளைக்கு மெத்துன்னு இருக்கும், மேல மினுக்கும். பேக்கரில பன்னுக்குப் பளபளப்பு வர்றதும் பல இடத்துல இந்த சிரப்தான், அடுப்புல இருந்து வந்த உடனே தடவிடுவோம். வீட்ல மிக்ஸ்டு ஃப்ரூட் ஜாம் இருந்தா ரெண்டு ஸ்பூன் எடுத்து ஒரு ஸ்பூன் தண்ணி விட்டு சுட வச்சு வடிகட்டித் தடவினாலும் அழகா வரும், அதுல இருக்கிற பெக்டின்ங்கிற பழப்பசை ஆறினதும் லேசா இறுகும்.

கேக்கோட சூடு பத்தி ஒரு வார்த்தை. வெள்ளை கிளேஸ் ஊத்த கேக் முழுசா ஆறியிருக்கணும். சூடு ஏற ஏற தண்ணி கரைக்கிற சீனி அதிகமாகும், கொதிக்கிற தண்ணி தன் எடையைப் போல கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு சீனியைக் கரைக்கும், அதனால வெதுவெதுப்பான கேக் மேல சரியான பதத்துல ஊத்தினாலும் இளகி ஓடிடும், போதாததுக்கு உள்ள இருந்து ஆவி வேற வரும். லோஃப் கேக் மேல தொட்டா ஆறின மாதிரி தெரியும், நடு வயிறு சூடாவே இருக்கும், திருப்பி அடியில கை வச்சுப் பாருங்க. கம்பித்தட்டுல வச்சா நம்ம ஊர்ல ரெண்டு மணி நேரமாவது ஆகும். டின்னுக்குள்ளயே ஆற வச்சா ஆவி வெளிய போக வழியில்லாம கேக் வேர்த்துப் போகும், பத்து பதினஞ்சு நிமிஷத்துல வெளிய எடுத்துடுங்க.

இப்ப தூத்துக்குடிக்கு வரேன். சீனி காத்துல ஈரப்பதம் சுமார் 85 சதவீதத்தைத் தாண்டினா காத்துல இருந்தே தண்ணியை இழுத்து கசிய ஆரம்பிச்சிடும், ஐப்பசி கார்த்திகையில கடலோர ஊர்கள்ல பல ராத்திரி அந்த அளவைத் தாண்டும். திறந்து வச்ச உப்பு ஜாடி கசியுற நாள்ல கிளேஸும் காயாதுன்னு வச்சுக்கலாம். அதை விடப் பெரிய பிரச்சனை மூடின டப்பா. கேக்ல இருக்கிற ஈரம் மெல்ல வெளிய வரும், டப்பாவுக்குள்ள போக இடமில்லாம மேல இருக்கிற சீனியிலதான் சேரும். அதனால கிளேஸ் ஊத்தினதும் ஃபேன் காத்துல திறந்தே வைங்க, மேல தொட்டா ஒட்டாத நிலைமை வர வரைக்கும், வெயில் நாள்னா ஒரு மணி நேரத்துல வந்துடும், மழை நாள்ல மூணு நாலு மணி நேரம்கூட ஆகலாம். அதுக்கு அப்புறமும் டப்பாவை இறுக்கி மூடாம ஒரு கூடை கவுத்து வச்சா போதும், எறும்புக்கு அடியில தண்ணித் தட்டு வச்சுக்கோங்க. ஃப்ரிட்ஜ்ல வைக்கணும்னா மூடி வைங்க, வெளிய எடுத்ததும் உடனே திறக்காதீங்க, டப்பாவோட அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறங்க, அப்பதான் வேர்க்கிற தண்ணி டப்பா மேல படியும், கேக் மேல படியாது. நான் ஆர்டர் கேக்குக்கு மழை மாசத்துல முந்தின நாளே கிளேஸ் போடுறதில்ல, குடுக்குற அன்னைக்குக் காலையிலதான் ஊத்துவேன், இதை விட நம்பகமான வழி எனக்குத் தெரிஞ்சு இல்ல.

எத்தனை நாள் தாங்கும்னும் கேட்டிருந்தீங்க. தண்ணியோ சாறோ விட்டதுல சீனி இவ்வளவு இருக்கிறதால சீக்கிரம் கெடாது, பெரும்பாலும் கேக்தான் முதல்ல கெடும். பால் விட்டதை நான் நம்ம ஊர் சூட்டுல ஒரு நாளுக்கு மேல வெளிய வைக்கிறதில்ல. இது கிச்சன் பழக்கத்துல சொல்றது, லேப்ல பார்த்துச் சொல்றது இல்ல, வீட்ல சின்னக் குழந்தையோ வயசானவங்களோ இருந்தா இன்னும் கவனமாவே இருங்க. முட்டை வெள்ளைக்கரு அடிச்சுப் பண்ற ஐசிங் கல்லு மாதிரி காயும்னு சிலர் சொல்லியிருக்காங்க, காயும், ஆனா பச்சை முட்டை, லோஃப் கேக்குக்கு அந்த ரிஸ்க் எதுக்கு.

சாக்லேட் கிளேஸ் வேணும்னா அதே 120 கிராம்ல ரெண்டு டேபிள்ஸ்பூன் கோக்கோ பவுடர் சேத்துச் சலிங்க, கோக்கோ தண்ணியை இழுக்கும், அதனால இங்க மட்டும் ரெண்டு, ரெண்டரை டேபிள்ஸ்பூன் போகும், பச்சைத் தண்ணிக்குப் பதிலா வெந்நீர் விட்டா கோக்கோ வாசம் தூக்கும். கருப்பட்டில பண்ணலாமான்னு கேட்டதுக்கு, கருப்பட்டிக்குப் பேர்போன உடன்குடி பக்கத்துலயே இருக்கிற உங்களுக்கு அந்த ஆசை வர்றது நியாயம், பண்ணலாம், ஆனா அது காயுற கிளேஸா வராது. கருப்பட்டி, வெல்லம் ரெண்டுலயும் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் கொஞ்சம் இயல்பாவே இருக்கு, அது காத்து ஈரத்தை சீனியை விட வேகமா இழுக்கும். கரைச்சு வடிகட்டி, கொஞ்சம் வெண்ணெயும் ஃப்ரெஷ் க்ரீமும் விட்டு சுருண்டு வர வரைக்கும் காய்ச்சி, துண்டு போட்ட பிறகு மேல சாஸா ஊத்திக் குடுங்க. டேட்ஸ் கேக், வாழைப்பழ கேக்கு மேல அவ்வளவு பொருத்தமா இருக்கும்.

இப்ப கையில இருக்கிற பிசுபிசு கேக் மேல புதுசா இன்னொரு கிளேஸ் ஊத்தாதீங்க, அதுவும் கரைஞ்சிடும். அங்கங்க குத்திட்டு மேல சொன்ன எலுமிச்சை சிரப்பைத் தடவி, துண்டு போட்டு இன்னைக்கே காலி பண்ணிடுங்க. அடுத்த தடவை ஊத்தும்போது அதே கிளேஸ்ல ஒரு ஸ்பூன் எடுத்து காஞ்ச எவர்சில்வர் தட்டுலயும் விட்டு கேக் பக்கத்துலயே வைங்க. தட்டுல இருக்கிறது காஞ்சு கேக் மேல இருக்கிறது மட்டும் கசிஞ்சா கேக் ஆறல, இல்ல உள்ள வேகாம ஈரம் அதிகமா இருக்குன்னு அர்த்தம். ரெண்டுமே காயலைன்னா தண்ணி கூடிப்போச்சு, இல்ல அன்னைக்குக் காத்து அப்படி. எது நடந்துச்சுன்னு எழுதுங்க, எத்தனை கிராமுக்கு எத்தனை ஸ்பூன் விட்டீங்கன்னும் சேத்து எழுதுங்க, அதுல இருந்து பாத்துச் சொல்றேன்.